செவ்வாயின் மலையும் பள்ளத்தாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்க் கோளின் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எடுத்துப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறோம். முதல் பாதி அந்த நிலத்தைப் பற்றியது, அடுத்த பாதி அங்கே போய் இறங்குவதைப் பற்றியது. இரண்டும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். எந்த இடம் பார்க்க அழகோ, அங்கே இறங்குவதுதான் கஷ்டம்.

1. செவ்வாய் நிஜமாவே சிவப்பா, இல்ல படத்துல கலர் ஏத்திவிடுறாங்களா?

சிவப்பு தூசிதான், பாறை அல்ல. துருப்பிடித்த இரும்பு கலந்த, மாவு போன்ற நுண்தூசி கோள் முழுக்கப் படிந்து கிடக்கிறது. 2013 பிப்ரவரியில் நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் (ஆளில்லாமல் ஓடும் ஆய்வு வண்டி) முதன்முதலாக ஒரு பாறையைத் துளைத்தது. துளை 1.6 செ.மீ. அகலம், 6.4 செ.மீ. ஆழம். வெளியே வந்து குவிந்த தூள் சிமெண்ட் மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தது. சுற்றிலும் செம்மண், நடுவில் ஒரு சாம்பல் வளையம். அந்தப் படத்தைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கலர் ஏற்றுவதும் உண்டு, ஆனால் ஏமாற்றுவதற்காக இல்லை. ஒரே காட்சி மூன்று விதமாக வெளிவரும். முதலாவது, அங்கே நின்றால் கண்ணுக்குத் தெரியும் மங்கிய நிறம். இரண்டாவது, பூமியின் வெயிலில் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி மாற்றிய நிறம். பாறைகளை அடையாளம் காண நிலவியலாளர்களுக்கு இதுதான் வசதி. மூன்றாவது, சிறு வேறுபாடுகளும் தெரியும்படி மிகைப்படுத்திய நிறம். நீல நிற மணல்மேடுகள் என்று பரவும் படங்கள் இந்த மூன்றாம் வகை. உயர வரைபடங்களில் நீலம் என்றால் தாழ்வு, சிவப்பு என்றால் உயரம். வடக்கில் தெரியும் நீலத்தைக் கடல் என்று நினைத்துவிட வேண்டாம்.

2. கடலே இல்லாத கிரகத்துல 'இவ்வளவு உயரம்'னு எதுல இருந்து அளக்கிறாங்க?

பூமியில் கடல்மட்டம் பூஜ்யம். செவ்வாயில் பூஜ்யத்தை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற நாசா விண்கலம் மேலிருந்து லேசர் கதிரை அடித்து, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கோடிக்கணக்கான முறை அளந்தது. அந்த அளவுகளையும் கோளின் ஈர்ப்பையும் வைத்து ஒரு சராசரி மட்டம் கணக்கிட்டார்கள். அதுதான் இன்றைய பூஜ்யம்.

இந்தக் கணக்கில் ஒலிம்பஸ் மான்ஸ் என்ற எரிமலையின் உச்சி சுமார் 21 கி.மீ. மேலே. எவரெஸ்ட் 8.85 கி.மீ. என்பதால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மறுபக்கம், தெற்கில் இருக்கும் ஹெல்லாஸ் என்ற 2,300 கி.மீ. அகலப் பள்ளத்தின் அடி பூஜ்யத்துக்கு 7 கி.மீ.க்கும் கீழே. இந்தப் பூஜ்யக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 11-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

3. பூமியை விடச் சின்ன கிரகம். அதுல மட்டும் எப்படி அவ்வளவு பெரிய எரிமலை?

பூமியின் மேலோடு துண்டு துண்டான தட்டுகளாக நகர்ந்துகொண்டிருக்கிறது. ஹவாயில் அடியிலிருந்து குழம்பு வரும் இடம் அப்படியே இருக்க, மேலே தட்டு நகர்ந்துவிடுவதால் ஒரே மலைக்குப் பதில் வரிசையாகத் தீவுகள் உருவாயின. செவ்வாயில் அப்படித் தட்டு நகர்வது இல்லை. ஒரே இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் குழம்பு மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தது. ஈர்ப்பும் பூமியினுடையதில் 38 விழுக்காடுதான், அதனால் அவ்வளவு பெரிய குவியலும் சரியாமல் நிற்கிறது.

ஒலிம்பஸ் தனியாளும் அல்ல. பக்கத்திலேயே தார்சிஸ் என்ற பிரம்மாண்டமான மேட்டின் மேல் அர்சியா, பவோனிஸ், அஸ்க்ரேயஸ் என்று மூன்று எரிமலைகள் ஒரே கோட்டில் நிற்கின்றன. 1971 நவம்பரில் மாரினர் 9 விண்கலம் போய்ச் சேர்ந்தபோது கோள் முழுவதையும் தூசிப்புயல் மூடியிருந்தது. அந்தத் தூசிக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்த நான்கு கரும்புள்ளிகள் இவைதான்.

4. ஒலிம்பஸ் அடிவாரத்துல நின்னா உச்சி தெரியுமா?

தெரியாது. மலையின் அகலம் சுமார் 600 கி.மீ. அடிவாரத்திலிருந்து நடுப்பகுதி 300 கி.மீ. தள்ளி இருக்கிறது. செவ்வாயின் ஆரம் 3,390 கி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தத் தூரத்தில் கோளின் வளைவே சுமார் 13 கி.மீ. உயரத்தை விழுங்கிவிடும். மீதியை மலைச்சரிவின் புடைப்பு மறைத்துவிடும். அடிவாரத்தில் நிற்பவர் பார்ப்பது மலையை அல்ல, அதைச் சுற்றி ஓடும் செங்குத்தான விளிம்புச் சுவரை. சில இடங்களில் அதுவே 8 கி.மீ. வரை உயர்கிறது.

சுவரைத் தாண்டி மேலே போய்விட்டால் சரிவு சராசரியாக 5 டிகிரி. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலிக்குப் போடும் சாய்தளம் 12 அடிக்கு 1 அடி ஏறும். அதுவும் கிட்டத்தட்ட 5 டிகிரிதான். மலையேறுகிறோம் என்ற உணர்வே வராது. உச்சியில் ஒன்றோடொன்று மேல்விழுந்த ஆறு எரிமலை வாய்கள் உள்ளன, மொத்த அகலம் 80 கி.மீ. வரை. இணையத்தில் வரும் கூம்பு மலைப் படங்களில் உயரத்தை மட்டும் பல மடங்கு இழுத்திருப்பார்கள். படத்தின் கீழே 'செங்குத்து மிகைப்பு' எத்தனை மடங்கு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால் அது அலங்காரப் படம்.

5. வேலஸ் மரினெரிஸ் பள்ளத்தாக்கை எந்த ஆறு வெட்டுச்சு?

எந்த ஆறும் வெட்டவில்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கோடு ஒப்பிடுவதால் வரும் குழப்பம் இது. கிராண்ட் கேன்யனை கொலராடோ ஆறு அறுத்தது. வேலஸ் மரினெரிஸ் தரை பிளந்து உண்டானது. தார்சிஸ் மேடு வீங்கி எழும்பியபோது பக்கத்து மேலோடு இழுபட்டு விரிசல் விட்டது. விரிசல்களுக்கு நடுவிலிருந்த நிலம் கீழே இறங்கியது. பிறகு ஓரச் சுவர்கள் பெரிய பெரிய நிலச்சரிவுகளாக உடைந்து விழுந்து பள்ளத்தை அகலப்படுத்தின. தண்ணீருக்கும் பங்கு உண்டு, முக்கியமாகக் கிழக்கு முனையில். ஆனால் ஆரம்பித்து வைத்தது அது அல்ல.

நீளம் 4,000 கி.மீ.க்கும் மேல். இந்தியாவின் தென்கோடி முதல் வடகோடி வரை சுமார் 3,200 கி.மீ.தான். அகலமான இடத்தில் 200 கி.மீ., ஆழம் 7 கி.மீ. வரை. ஆறடி ஆள் செவ்வாயின் சமதரையில் நின்றால் தொடுவானம் மூன்றரை கி.மீ. தூரத்திலேயே முடிந்துவிடும். ஆகவே அகலமான பகுதியில் பள்ளத்தாக்கின் நட்டநடுவில் நிற்பவருக்குச் சுவர்களின் அடிப்பகுதி தெரியாது, மேற்பகுதி மட்டும் தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகத் தெரியலாம். குறுகலான கிளைகளில்தான் இருபுறமும் சுவர் எழும்பித் தெரியும். மேற்கு முனையில் இருக்கும் நோக்டிஸ் லாபிரிந்தஸ் என்ற வெடிப்புச் சந்துகளில் விடிகாலையில் மூடுபனி தேங்கி நிற்பதைச் சுற்றுகலன்கள் படம் எடுத்திருக்கின்றன. இந்தக் கோளிலேயே கண்ணுக்கு விருந்தான இடம் எது என்று கேட்டால் எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

6. அப்போ செவ்வாய்ல ஆறே ஓடலையா?

ஓடியிருக்கிறது. 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆறுகளும் ஏரிகளும் இருந்தன. பெர்சிவரன்ஸ் ரோவர் இறங்கிய ஜெசரோ பள்ளம் 45 கி.மீ. அகலமான பழைய ஏரி. அதில் ஆறு வந்து விழுந்த இடத்தில் படிந்த வண்டல் விசிறி இன்னும் அப்படியே இருக்கிறது. செவ்வாயின் பெரிய ஆற்றுத்தடங்களுக்குப் பெயர் வைத்த விதம் அழகானது. உலக மொழிகளில் செவ்வாய்க்கு என்ன பெயரோ அதையே வைத்தார்கள். ஜப்பானிய மொழியிலிருந்து கசேய், ஹீப்ருவிலிருந்து மஆதிம், சமஸ்கிருதத்திலிருந்து மங்களா.

அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி கனிமங்களுக்குள் பிணைந்துவிட்டது, ஒரு பகுதி உறைந்துவிட்டது, ஒரு பகுதி விண்வெளிக்குப் போய்விட்டது. கோள் தழுவிய காந்தப்புலம் அணைந்த பிறகு சூரியக் காற்று வளிமண்டலத்தின் மேலடுக்கை உரித்துக்கொண்டே இருக்கிறது. 2014-இல் போய்ச் சேர்ந்த மேவன் விண்கலம் அப்படித் தப்பிப்போவதை நேரடியாக அளந்திருக்கிறது.

7. ஓடுற தண்ணி கண்டுபிடிச்சாச்சுன்னு 2015-ல நியூஸ் வந்துச்சே?

வந்தது, பின்னால் அடங்கியும் போனது. வெயில் காலத்தில் சில சரிவுகளில் கருங்கோடுகள் தோன்றி நீள்கின்றன, குளிரில் மங்குகின்றன. உப்புநீர் கசிவதாக இருக்கலாம் என்று 2015-இல் அறிவித்தார்கள். 2017-இல் அந்தச் சரிவுகளின் கோணத்தை அளந்து பார்த்தபோது கோடுகள் மணல் உருளக்கூடிய செங்குத்துச் சரிவுகளில் மட்டுமே இருந்தன. சரிவு தணிந்ததும் நின்றுவிட்டன. தண்ணீர் என்றால் அதைவிடச் சமமான இடத்துக்கும் கொஞ்சம் ஓடியிருக்க வேண்டும். உலர்ந்த மணல் சரிவுதான் என்ற விளக்கமே இப்போது வலுவாக நிற்கிறது.

பனிக்கட்டி விஷயம் வேறு, அது தாராளமாக இருக்கிறது. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் வடதுருவத்தை ஒட்டிய பகுதியில் சில செ.மீ. தோண்டியதுமே வெள்ளைக் கட்டி தெரிந்தது, நான்கு நாளில் ஆவியாகி மறைந்தது. நடு அட்சரேகைகளில் சில செங்குத்துச் சரிவுகளில் ஓரிரண்டு மீட்டர் மண்ணுக்குக் கீழே நூறு மீட்டர் தடிமன் வரை பனிக்கட்டி வெளியே தெரிகிறது. வேலஸ் மரினெரிஸின் நடுவில் கேண்டர் கேயாஸ் என்ற இடத்திலும், மேல் ஒரு மீட்டர் மண்ணில் ஹைட்ரஜன் மிக அதிகம் என்று 2021-இல் ஐரோப்பியச் சுற்றுகலன் கண்டது. அது பனிக்கட்டியா, நீரைப் பிடித்துவைத்திருக்கும் கனிமமா என்பது அங்கே தோண்டினால்தான் முடிவாகும்.

8. மனுஷ முகம் மாதிரி ஒரு மலை இருக்காமே?

1976 ஜூலையில் வைகிங் 1 விண்கலம் எடுத்த படம். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்ததால் கண், மூக்கு, வாய் மாதிரி நிழல். 1998-லும் 2001-லும் கூர்மையான கேமராவில் எடுத்த படங்களில் தேய்ந்துபோன சாதாரண மேடுதான் இருக்கிறது.

9. பகல்ல 20 டிகிரி வெயில் அடிக்கும்னு படிச்சேன். ஆக்சிஜன் மாஸ்க் மட்டும் போட்டுக்கிட்டு நிக்கலாமா?

முடியாது. 20 டிகிரி என்பது நிலநடுக்கோட்டுப் பகுதியில் கோடை நண்பகலில் எட்டக்கூடிய உச்சம். காற்று மெலிதாக இருப்பதால் தரையின் சூடு மேலே ஏறாது, பாதத்தருகே இருக்கும் வெதுவெதுப்பு தலையருகே இருக்காது. கோளின் சராசரி மைனஸ் 60-ஐ ஒட்டி.

குளிரைவிட அழுத்தம்தான் ஆளைக் கொல்லும். பூமியில் கடல்மட்டக் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார். செவ்வாயில் சராசரி 6 மில்லிபார், அதிலும் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. அந்த அழுத்தத்தில் உடல் சூட்டிலேயே எச்சிலும் கண்ணீரும் கொதிக்கும். மாஸ்க் போதாது, முழு அழுத்த உடை வேண்டும்.

10. சினிமால காட்டுற மாதிரி புயல் ராக்கெட்டைக் கவிழ்த்துடுமா?

கவிழ்க்காது. காற்றின் அடர்த்தி பூமியில் இருப்பதில் 60-இல் ஒரு பங்கு. அங்கே மணிக்கு 100 கி.மீ. காற்று அடித்தால், இங்கே 12, 13 கி.மீ. காற்று தள்ளும் அளவுக்குத்தான் தள்ளும். கொடியில் காயும் துணி ஆடும், அவ்வளவுதான்.

ஆபத்து தூசியில் இருக்கிறது. 2018-இல் கோளையே மூடிய புயலில் பகல் இரவானது. சூரியத் தகடுகளை நம்பியிருந்த ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் ஜூன் 10-க்குப் பிறகு பேசவில்லை. 90 நாளுக்கென்று அனுப்பியது, 14 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 45 கி.மீ. ஓடியிருந்தது. இன்சைட் கலத்துக்குப் புயல்கூடத் தேவைப்படவில்லை. தகடுகளில் மெல்ல மெல்லத் தூசி ஏறி 2022 டிசம்பரில் மின்சாரம் தீர்ந்தது. துடைப்பான் வைக்கக் கூடாதா என்று உடனே கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் அதன் எடைக்கு ஒரு கருவியை இறக்கிவிட வேண்டும். புழுதிச் சுழல்கள் அவ்வப்போது வந்து இலவசமாகத் துடைத்துவிட்டுப் போனதால்தான் ஆப்பர்ச்சூனிட்டி அத்தனை காலம் தாங்கியது. கியூரியாசிட்டியும் பெர்சிவரன்ஸும் புளூட்டோனியம் மின்கலத்தில் ஓடுவதால் அவற்றுக்கு இந்தத் தலைவலி இல்லை.

11. இவ்வளவு அழகான மலையும் பள்ளமும் இருக்க, ரோவரை ஏன் பொட்டல்லயே இறக்குறாங்க?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். இறங்கும் முறையைப் பார்த்தால் விடை தெரியும். பெர்சிவரன்ஸ் 2021 பிப்ரவரி 18 அன்று மணிக்கு 19,500 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்தில் நுழைந்தது. வெப்பக் கவசம் காற்றில் உரசி வேகத்தைத் தின்றது. தரைக்கு 11 கி.மீ. மேலே 21.5 மீட்டர் பாராசூட் விரிந்தது. அதன் பிறகும் வேகம் மணிக்கு 300 கி.மீ. அளவில் இருந்தது, ஏனென்றால் 6 மில்லிபார் காற்றில் பாராசூட்டால் அதற்கு மேல் பிடிக்க முடியாது. கடைசி 2 கி.மீ. உந்துபொறிகள் வேலை செய்தன. தரைக்கு 20 மீட்டர் இருக்கையில் கயிறுகளில் கட்டி ரோவரைக் கீழே இறக்கின.

இந்தப் படிகள் எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். தரைக்கு மேலே போதிய காற்று இருந்தால்தான் நேரம் கிடைக்கும். ஜெசரோ பூஜ்யத்துக்கு 2.6 கி.மீ. கீழே, கியூரியாசிட்டி இறங்கிய கேல் பள்ளம் 4.5 கி.மீ. கீழே. ஒலிம்பஸ் உச்சியில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார்கூட இல்லை. பாராசூட் வேலையைத் தொடங்குவதற்குள் தரை வந்துவிடும். எரிமலைகள் எல்லாம் இந்த ஒரே காரணத்தால் பட்டியலில் இருந்து அடிபடுகின்றன.

வேலஸ் மரினெரிஸ் ஆழமான இடமாயிற்றே, காற்று கூடுதலாக இருக்குமே என்றால், சரிதான். 2003-இல் அனுப்பிய இரட்டை ரோவர்களுக்கு அதிலுள்ள மேலாஸ் பகுதியைப் பரிசீலித்தார்கள். சுவர்களை ஒட்டி வீசும் காற்று பாராசூட்டில் தொங்கும் கலத்தைப் பக்கவாட்டில் வீசிவிடும் என்ற பயத்தில் கைவிட்டார்கள். இறங்குமிடத்தைப் புள்ளியாகக் குறிக்க முடியாது என்பதும் சேர்ந்துகொள்கிறது, ஒரு நீள்வட்டமாகத்தான் சொல்ல முடியும். வைகிங் காலத்தில் அது 280-க்கு 100 கி.மீ. கியூரியாசிட்டிக்கு 20-க்கு 7. பெர்சிவரன்ஸுக்கு 7.7-க்கு 6.6. அந்த வட்டத்துக்குள் எங்கே விழுந்தாலும் பிழைக்க வேண்டும் என்றால் பொட்டல்தான் கிடைக்கும். வட்டம் சுருங்கச் சுருங்க அழகான இடங்கள் நெருங்கி வருகின்றன. கேல் பள்ளத்தின் நடுவே 5.5 கி.மீ. உயரமான ஷார்ப் மலை இருக்கிறது. கியூரியாசிட்டி பக்கத்துப் பொட்டலில் இறங்கி, ஓட்டிக்கொண்டு போய்த்தான் அதன் சரிவில் ஏறியது.

12. சந்திரயான்-3 நிலவுல இறங்கிடுச்சே. அதே லேண்டரை செவ்வாய்க்கு அனுப்பினா என்ன?

நிலவில் காற்று இல்லை. எஞ்சின் ஒன்றே எல்லா வேகத்தையும் குறைக்க வேண்டும், கணக்கு சுத்தமானது. செவ்வாயில் காற்று இருப்பதுதான் சிக்கல். எரித்துச் சாம்பலாக்கப் போதுமான காற்று, நிறுத்தப் போதாத காற்று. வெப்பக் கவசமும் ஒலியைவிட வேகமாகப் போகும்போது விரியும் பாராசூட்டும் தனியாக உருவாக்கிச் சோதிக்க வேண்டும். கடைசி இரண்டு கி.மீ.க்கு சந்திரயான்-3 தந்த அனுபவம் கண்டிப்பாக உதவும்.

13. அப்படி என்னதான் தப்பாகுது?

பெரும்பாலும் சின்ன விஷயம். 2016-இல் ஐரோப்பாவின் ஷியாபரெல்லி கலம் பாராசூட்டில் தொங்கும்போது வேகமாக ஆடியது. சுழற்சியை அளக்கும் கருவி ஒரு நொடி அளவுக்கு உச்சவரம்பில் முட்டி நின்றது. அந்தத் தவறான எண்ணை வைத்துக் கணினி உயரத்தைக் கணக்கிட்டபோது விடை பூஜ்யத்துக்குக் கீழே வந்தது, அதாவது தரைக்குள் புதைந்துவிட்டோம் என்று. உடனே பாராசூட்டைக் கழற்றியது, பொறிகளை 3 நொடி மட்டும் எரித்து அணைத்தது. கலம் இருந்ததோ 3.7 கி.மீ. உயரத்தில்.

1999-இல் நாசாவுக்கு இரண்டு தோல்விகள். கிளைமேட் ஆர்பிட்டருக்கு ஒரு குழு பவுண்டு கணக்கிலும் இன்னொரு குழு நியூட்டன் கணக்கிலும் எண் கொடுத்தது. கலம் மிகத் தாழ்வாகப் போய் அழிந்தது. போலார் லேண்டர் கால்களை விரித்தபோது உண்டான அதிர்வைத் தரை தொட்டதாக எடுத்துக்கொண்டு எஞ்சினை முன்கூட்டியே அணைத்துவிட்டிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. 2003-இல் போன பிரிட்டனின் பீகிள் 2 கலம் விழுந்து நொறுங்கியதாகவே நினைத்தார்கள். 2015-இல் மேலிருந்து எடுத்த படத்தில் பத்திரமாக இறங்கி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. தகடுகள் முழுசாக விரியவில்லை, அவற்றுக்கு அடியில் ஆண்டெனா மாட்டிக்கொண்டதால் பேச முடியாமல் போயிருக்கிறது.

14. ரோவர் ஏன் இப்படி ஊர்ந்து போகுது?

ரிமோட் வைத்து ஓட்ட முடியாது. சிக்னல் போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம், பதில் வர அதே அளவு. பெர்சிவரன்ஸின் உச்ச வேகமே மணிக்கு 150 மீட்டர் சொச்சம். காலையில் கட்டளை போகும், நாள் முழுக்க அதன்படி நடக்கும், சாயங்காலம் படம் வரும்.

வேகத்தைக் கூட்டினால் மின்சாரம் மட்டுமல்ல, சக்கரமும் போய்விடும். கியூரியாசிட்டியின் அலுமினியச் சக்கரங்களின் தோல் முக்கால் மி.மீ. தடிமன்தான். காற்றில் தேய்ந்து ஈட்டிபோல் கூர்மையான கற்கள், தரையில் புதைந்து அசையாமல் நின்று அதைக் கிழித்தன. ஓட்டைகள் பெரிதானதும் பாதையை மாற்றினார்கள். பெர்சிவரன்ஸுக்குத் தோலைத் தடிப்பாக்கி, பற்களை நெருக்கமாக வைத்தார்கள். மென்மணல் இன்னொரு எமன். ஸ்பிரிட் ரோவர் 2009-இல் மேலே கெட்டியாகவும் உள்ளே மாவாகவும் இருந்த மண்ணில் புதைந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

15. அப்போ ஹெலிகாப்டர்ல பள்ளத்தாக்குக்குள்ள பறந்து பார்த்துடலாமே?

நல்ல யோசனைதான். இன்ஜெனுயிட்டி என்ற 1.8 கிலோ ஹெலிகாப்டர் 2021 ஏப்ரலில் முதல்முறை எழும்பியது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று நினைத்தது 72 முறை பறந்தது. மெல்லிய காற்றைப் பிடிக்க 1.2 மீட்டர் இறக்கைகள் நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் சுழன்றன. பள்ளத்தாக்கின் அடியில் காற்று அடர்த்தி கூடுதல் என்பதால் பறப்பதற்கு அது உகந்த இடம். 11-இல் சொன்ன கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது.

ஆனால் அது எப்படி முடிந்தது என்பதையும் பாருங்கள். கீழே ஓடும் கற்களைக் கேமராவில் பார்த்துத்தான் அது தன் வேகத்தை அறியும். 2024 ஜனவரி 18 அன்று கல்லே இல்லாத வழுவழு மணல் அலைகளுக்கு மேல் போனபோது அடையாளம் பிடிபடாமல், பக்கவாட்டு வேகத்தோடு இறங்கி இறக்கை உடைந்தது. பள்ளத்தாக்குத் தரையிலும் அப்படிப்பட்ட மணல்மேடுகள் உண்டு. அடுத்த ஹெலிகாப்டர் கற்களை மட்டும் நம்பாமல் வேறு வழியிலும் தன் இடத்தை அறிய வேண்டும். சில கிலோ கருவிகளைச் சுமக்கும் ஆறு சுழலி வடிவம் ஒன்றை நாசாவில் வரைந்து பார்த்திருக்கிறார்கள்.

16. செவ்வாய்ல குகை இருக்காமே? மனுஷங்க அதுக்குள்ள குடியிருக்கலாமா?

எரிமலைக் குழம்பு ஓடிவடிந்த சுரங்கங்களின் கூரை இடிந்த வாய்கள் அர்சியா மலைச்சரிவில் தெரிகின்றன. 2007-இல் ஏழு வாய்களை அறிவித்தார்கள், ஒவ்வொன்றும் 100 முதல் 250 மீட்டர் அகலம். உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்பது மேலிருந்து தெரியாது.

குகை வேண்டும் என்பதற்குக் காரணம் கதிர்வீச்சு. கியூரியாசிட்டி அளந்தபடி தரையில் ஒரு நாளைக்குச் சுமார் 0.67 மில்லிசீவர்ட், பயணத்தில் சுமார் 1.8. பூமியில் நமக்கு இயற்கையாக ஓர் ஆண்டில் கிடைப்பது சராசரியாக 2.4. அதாவது அங்கே நான்கு நாள், இங்கே ஒரு வருடம். சில மீட்டர் பாறை தலைக்கு மேல் இருந்தால் இது வெகுவாகக் குறையும். தடை பழையதுதான். அர்சியா மிக உயரமான இடம், அங்கே இறங்க முடியாது. ஆகவே முதலில் போகிறவர்கள் தாழ்வான, பனிக்கட்டி உள்ள சமவெளியில் இறங்கி, கூடாரத்தின் மேல் மண்ணை அள்ளிக் குவித்துக்கொள்வதுதான் நடக்கக்கூடியது. அந்த மண்ணிலும் அரை விழுக்காடு அளவுக்குப் பெர்குளோரேட் உப்பு இருக்கிறது. தைராய்டுக்கு ஆகாது, கழுவாமல் செடி வளர்க்க முடியாது.

17. மங்கள்யான் அங்க போய் என்னத்தைப் பார்த்துச்சு?

போய்ச்சேர முடியும் என்று காட்டுவதுதான் அதன் முதல் நோக்கம். 2013 நவம்பர் 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. பி.எஸ்.எல்.வி.க்கு நேராகச் செவ்வாய்க்கு எறியும் வலு இல்லை, எனவே பூமியைச் சுற்றிச் சுற்றி உயரத்தைக் கூட்டினார்கள். நவம்பர் 11 அன்று விநாடிக்கு 130 மீட்டர் கூட வேண்டிய வேகம் 35 மட்டுமே கூடியது, மறுநாள் ஈடுகட்டினார்கள். பெரிய எஞ்சின் 300 நாள் தூங்கியபின் எரியுமா என்பதுதான் பெரிய கவலை. 2014 செப்டம்பர் 22-இல் 4 நொடி எரித்துப் பார்த்தார்கள், 24-இல் சுமார் 23 நிமிடம் எரிந்து கலம் சுற்றுப்பாதையில் உட்கார்ந்தது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்.

நிலக்காட்சி என்று பார்த்தால் அதன் பலம் சுற்றுப்பாதையில் இருந்தது. ஒரு முனை 422 கி.மீ., மறுமுனை 77,000 கி.மீ. தூரம். மற்ற பல கலங்கள் தாழப் பறந்து துண்டு துண்டாக எடுப்பதை மங்கள்யான் முழுக்கோளாக ஒரே சட்டகத்தில் எடுத்தது. ஆறு மாதத்துக்கென்று கட்டிய கலம், 2022 ஏப்ரலில் நீண்ட நிழலுக்குள் போய்த் தொடர்பு அறும்வரை ஓடியது.

18. பெர்சிவரன்ஸ் எடுத்த கல்லெல்லாம் எப்ப பூமிக்கு வரும்?

தேதி சொல்லும் நிலையில் யாரும் இல்லை. பென்சில் பருமனான துண்டுகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருக்கிறது. பத்துக் குழாய்களை மாற்று ஏற்பாடாகத் தரையில் வைத்துவிட்டு வந்தது. கொண்டுவரும் திட்டத்தின் செலவு 1,100 கோடி டாலர் வரை போகும், 2040 ஆகிவிடும் என்று கணக்கு வந்ததும் 2024-இல் நாசாவே இது கட்டுப்படியாகாது என்றது. இதற்கிடையே 2024 ஜூலையில் சிறுத்தைப் புள்ளிகள் போட்ட ஒரு பாறை கிடைத்தது. பூமியில் நுண்ணுயிர்கள் இருக்கும் இடத்தில் அப்படிப்பட்ட புள்ளிகள் உண்டாகும். உயிர் இல்லாமலும் உண்டாகலாம். ஆய்வுக்கூட மேசையில் வைத்து அறுத்துப் பார்க்காமல் தீராது. சீனா தியன்வென்-3 மூலம் 2028 வாக்கில் கிளம்பிப்போய் மண்ணைக் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது.

19. மனுஷன் எப்போதான் போவான்?

26 மாதத்துக்கு ஒருமுறைதான் புறப்படும் வாய்ப்பு. போக ஆறிலிருந்து ஒன்பது மாதம், அங்கே திரும்பும் வாய்ப்புக்காக ஒன்றரை ஆண்டு காத்திருப்பு, வர அதே ஆறு ஒன்பது மாதம். ஆக மூன்று வருடம். இதுவரை இறக்கிய மிகக் கனமான ரோவர் பெர்சிவரன்ஸ், ஒரு டன். மனிதர்களுக்கான கலம் இருபது டன்னாவது இருக்கும். அதற்குப் பாராசூட் ஆகாது, ஒலியைவிட வேகமாக விழும்போதே எஞ்சினை எதிராக எரித்து நிறுத்த வேண்டும்.

திரும்பி வருவது அதைவிடக் கஷ்டம். நான்கு பேரைத் தரையிலிருந்து மேலேற்ற 7 டன் எரிபொருளும் 25 டன் ஆக்சிஜனும் தேவை என்பது நாசாவின் கணக்கு. அங்குள்ள காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கலாம் என்று பெர்சிவரன்ஸில் இருந்த மாக்ஸி கருவி நிரூபித்தது. உச்சத்தில் மணிக்கு 12 கிராம், மொத்தம் 122 கிராம். அந்த வேகத்தில் 25 டன் சேர 238 ஆண்டு ஆகும். பல நூறு மடங்கு பெரிய ஆலையை முன்கூட்டியே இறக்கி, ஆளில்லாமல் ஓட்டி, தொட்டி நிரம்பியதை உறுதிசெய்த பிறகுதான் ஆள் கிளம்ப வேண்டும். யாராவது வருடத்தைச் சொன்னால், அந்த ஆலை எந்த வாய்ப்பில் கிளம்புகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

20. வீட்டு மொட்டைமாடில இருந்து இதுல ஏதாவது தெரியுமா?

தெரியும், நாளைப் பார்த்து ஏற வேண்டும். செவ்வாய் சூரியனுக்கு நேரெதிரே வரும் வாரங்கள்தான் நல்லவை. 2027 பிப்ரவரி 19 அடுத்தது, ஆனால் அப்போது வட்டு சிறியது, 14 ஆர்க் செகண்டுக்குள் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்டு). 2035 செப்டம்பர் 15-இல் 24-ஐத் தாண்டும். 6 அங்குல தொலைநோக்கி, 150 முதல் 200 மடங்கு பெரிதாக்கம் போதும். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியில் வைத்து ஆறவிடுங்கள். வெயில் குடித்த தளத்திலிருந்து எழும் சூடு படத்தை நெளியவைக்கும், அதனால் நள்ளிரவுக்கு மேல் பார்ப்பது நல்லது.

வெள்ளைத் துருவத்தொப்பியும், சிர்டிஸ் மேஜர் என்ற கரிய முக்கோணமும், அதற்குத் தெற்கே வெளிறிய ஹெல்லாஸும் தெரியும். அந்தக் கருமை தூசி படியாத எரிமலைப் பாறை. செவ்வாயின் நாள் நம்முடையதைவிட 40 நிமிடம் நீளம். எனவே இன்று பத்து மணிக்குப் பார்த்த இடத்தை நாளை பார்க்க பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன் போக வேண்டும். தினமும் பத்து மணிக்கே பார்த்தால் முழுக்கோளும் கண்முன் வந்துபோக ஐந்தாறு வாரம் பிடிக்கும். ஒலிம்பஸ் மலை தெரியாது, அதன் தலையில் கூடும் மேகம் மட்டும் காற்று அசையாத இரவில் பெரிய தொலைநோக்கியில் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியலாம். 1879-இல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் நிக்ஸ் ஒலிம்பிகா, அதாவது ஒலிம்பஸின் பனி, என்று எழுதிவைத்தார். அது மலை என்று தெரிய மாரினர் 9 வரவேண்டியிருந்தது.